பால்வாடியும் மதுக்கடையும்: செங்கல்பட்டு, மாமல்லபுரம் கடற்கரையில் குழந்தைகள் மையங்களின் வரலாறு

பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகள் பகலில் ஒன்றுகூடி விளையாடவும் பாடவும் உண்ணவும் உறங்கவும் ஊருக்குள்ளேயே அமைந்த இடம் பாலர் பள்ளி ஆகும். தமிழ்நாட்டில் மக்கள் இதைப் பால்வாடி என்பர். அரசு ஏடுகளில் அங்கன்வாடி என்றும் குழந்தைகள் மையம் என்றும் குறிக்கப்படுகிறது. இதைச் சோறு போடும் இடம் என்று மட்டும் எண்ணுவோர் பலர். ஆனால் குடிப்பழக்கத்தாலும் குடும்ப வன்முறையாலும் சிதையும் வீடுகளில், பிறர் கண்ணுக்கு முதலில் தென்படும் உயிர் அந்த வீட்டுக் குழந்தைதான். அக்குழந்தையை நாள்தோறும் பார்க்கும் முதல் வெளியாள் பால்வாடி ஆசிரியை.

செங்கல்பட்டு மாவட்டத்திலும் மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரையிலும் பால்வாடிகள் வளர்ந்த வரலாற்றை, மதுக்கடைகள் வளர்ந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கிறது இக்கட்டுரை. குடும்ப வன்முறையையும் போதைப் பழக்கத்தையும் தடுப்பதில் இம்மையங்கள் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

நிலமும் தொழிலும்

பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரு மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. காஞ்சிபுரத்திலிருந்து 2019 நவம்பர் 29 அன்று இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. ஏரிப் பாசன நெல் வயல்கள், செங்கல் சூளைகள், அரிசி ஆலைகள், கல் குவாரிகள், தொழிற்பேட்டைகள் ஆகியவை உட்பகுதியின் வாழ்வாதாரங்கள். கிழக்கே கோவளம், வடநெம்மேலி, நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் என மீனவர் ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன.

மாமல்லபுரத்தின் பல்லவர் காலச் சின்னங்கள் 1984இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. 1957இல் அங்கு அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. இன்று கல் தச்சுப் பட்டறைகளும் சுற்றுலாவும் பலருக்குப் பிழைப்பளிக்கின்றன. உட்பகுதியில் பரவலாக வாழும் இருளர், மத்திய அரசின் பட்டியலில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுள் ஒருவர். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்கி வருகிறது. எனினும் இருளர் குடும்பங்கள் பல, முன்பணம் வாங்கிக்கொண்டு சூளையிலும் ஆலையிலும் மரம் வெட்டும் இடத்திலும் அடைபட்டு உழைக்கும் நிலையும் நெடுங்காலம் நீடித்தது.

இத்தொழில்கள் அனைத்துக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. வருமானம் மாதச் சம்பளமாக வருவதில்லை; அன்றன்று கையில் காசாக வருகிறது. விடியலில் கடலுக்குப் போன படகு காலையில் கரை சேரும். மீன் ஏலம் போகும். ஆண்களுக்குப் பங்குப் பணம் கிடைக்கும். பெண்கள் கூடையோடு சந்தைக்கோ தெருத்தெருவாகவோ விற்கப் புறப்படுவர். ஆண் கையில் காசோடும் ஓய்வோடும் ஊரில் இருக்கும் நேரமும், பெண் வீட்டில் இல்லாத நேரமும், குழந்தை தனித்து விடப்படும் நேரமும் ஒன்றாகின்றன. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில் நிலைமை வேறு: வேலை இல்லை, காசும் இல்லை, கடன் ஏறுகிறது. வீட்டுச் சண்டைக்கு வறுமை ஒரு காரணம் என்றால், ஒழுங்கற்ற வருமானம் மற்றொரு காரணம்.

பாலர் பள்ளிகளின் தொடக்கம்

சென்னைக்குத் தெற்கேயுள்ள அடையாறு, இந்தியாவின் பாலர் கல்வி வரலாற்றில் முக்கியமான இடம். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குழந்தையின் கையும் கண்ணும் பழகப் பழக மனம் ஒருமைப்படும் என்ற அவரது கொள்கை இந்தியா முழுவதும் பரவியது. ஆனால் அம்முறைப் பள்ளிகள் பெரும்பாலும் நகர நடுத்தர வகுப்பாருக்கே எட்டின.

அதை ஏழைகளின் முற்றத்துக்குக் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் தாராபாய் மோடக். மகாராட்டிரக் கடற்கரையிலுள்ள போர்டியில் 1945இல் அவரும் அவருடைய மாணவி அனுதாய் வாக்கும் பாலவாடியைத் தொடங்கினர். பின்னர் கோஸ்பாட் மலைப்பகுதியில் வார்லி பழங்குடிக் குழந்தைகளிடையே பணி தொடர்ந்தது. குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளியே குடிசை முற்றத்துக்குப் போகட்டும் என்பது அவர்கள் வழி. முற்றத்தைக் குறிக்கும் 'அங்கன்' என்ற சொல்லிலிருந்து அங்கன்வாடி என்ற பெயர் பிறந்தது. விலையுயர்ந்த மாண்டிசோரிக் கருவிகளுக்கு மாற்றாகக் கூழாங்கல், விதை, இலை, மண் ஆகியவை பாடப்பொருளாயின.

கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளை கிராம சேவிகைகளைப் பயிற்றியது. 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. அதன் உதவியாலும் சமுதாய வளர்ச்சித் திட்டத்தாலும் தமிழக ஊர்களில் மாதர் சங்கங்களும், அவற்றை ஒட்டிப் பாலர் வகுப்புகளும் தோன்றின. இக்காலப் பால்வாடிகள் அரசின் அலுவலகங்களாக அன்றி ஊர்ப் பெண்களின் அமைப்புகளாகவே பெரும்பாலும் இருந்தன. கோயில் மண்டபம், சாவடி, கீற்றுக் கொட்டகை எனக் கிடைத்த இடத்தில் வகுப்பு நடந்தது. குழந்தைகள் உறங்கும் நேரத்தில் தாய்மார் தையலோ எழுத்தோ கற்றனர். தாயும் பிள்ளையும் ஒரே இடத்தில் பயன்பெற்ற அந்த அமைப்பு பிற்காலத்தில் வெகுவாகக் குறைந்தது.

1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு, பள்ளி முன்பருவக் குழந்தைகளின் வளர்ச்சி குறித்து மத்திய அரசுக்கு அறிக்கை அளித்தது. உணவு, உடல்நலம், கல்வி மூன்றையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் வழங்க வேண்டும் என்ற கருத்து அக்காலத்தில் வலுப்பெற்றது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது.

ஊட்டச்சத்துத் திட்டமும் சத்துணவும்

உலக வங்கியின் கடனுதவியுடன் 1980இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் முதலில் தொடங்கியது. பின்னர் அது விரிவுபடுத்தப்பட்ட மாவட்டங்களுள் செங்கல்பட்டும் ஒன்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு அளிப்பதே அதன் முறை. ஊழியராக அவ்வூர்ப் பெண்ணே தேர்ந்தெடுக்கப்பட்டார். தன் பிள்ளைகளை ஏழ்மையிலும் நன்கு வளர்த்த தாயாக இருத்தல் விரும்பத்தக்க தகுதியாகக் கொள்ளப்பட்டது. ஊர்தோறும் மகளிர் குழுக்களும் அமைக்கப்பட்டன.

எடை அட்டை வெறும் மருத்துவ ஏடு அன்று. ஒரு வீட்டில் மட்டும் குழந்தையின் எடை தொடர்ந்து இறங்கினால், அதன் காரணத்தைத் தேடி ஊழியர் அவ்வீட்டு வாசற்படி ஏற வேண்டியிருந்தது. நோய், விளைச்சல் இன்மை ஆகியவற்றோடு, கூலிக் காசு வீடு வந்து சேராமையும் காரணமாகத் தெரிய வரும். குடும்பத்தின் உள்நிலை எண்களாக வெளிப்பட்ட இடம் அது.

1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் குழந்தைகள் மையங்களிலும், பெரிய பிள்ளைகளுக்குப் பள்ளிகளிலும் மதிய உணவு வழங்கப்பட்டது. தமிழகத்தின் பெரும்பாலான ஊர்களில் பால்வாடி நிலையான நிறுவனமாக வேரூன்றியது இதன் பின்னரே.

இத்திட்டத்தின் ஒரு கூறு போதிய அளவு பேசப்படுவதில்லை. சமையலருக்கும் ஆயாவுக்கும் ஆளெடுக்கும்போது கைம்பெண்களுக்கும் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை தரப்பட்டது. ஊதியம் சிறிது; ஆயினும் மாதந்தோறும் வருவது. கணவனின் குடியையும் அடியையும் தாங்க முடியாத பெண், ஊரை விட்டுப் போகாமல் ஊருக்குள்ளேயே தலைநிமிர்ந்து வாழ ஒரு வழி பிறந்தது. குழந்தைக்கு உணவு அளிக்க வந்த திட்டம், பெண்ணுக்குப் பாதுகாப்பும் அளித்தது எனலாம்.

மதுவிலக்கின் ஏற்றமும் இறக்கமும்

இதே காலத்தில் மற்றொரு வரலாறும் நடந்தது. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948 அக்டோபர் 2 முதல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அரசு அதை மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கியது. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு, 1974க்குள் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 1981இல் மறுபடி தளர்த்தப்பட்டது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த விற்பனைக்காக நிறுவப்பட்டது. 1987இல் சாராய, கள்ளுக் கடைகள் மூடப்பட்டன. 1990இல் வந்த மலிவு விலை மது 1991இல் நிறுத்தப்பட்டது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசமானது.

ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1981இல் மதுவிலக்குத் தளர்வு, 1982இல் சத்துணவு, 1983இல் டாஸ்மாக். மது வருவாய் நலத்திட்டங்களுக்குத் துணை நிற்கிறது என்ற வாதம் அன்றுமுதல் இன்றுவரை ஒலிக்கிறது. குழந்தைக்கு முட்டையும் தந்தைக்கு மதுவும் ஒரே அரசால் வழங்கப்படும் முரண் இங்கே தொடங்குகிறது. கூலிக்காரக் குடும்பத்தில் மதுக்கடைக்குப் போகும் பணம், அக்குழந்தையின் இரவு உணவிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பதை மறுப்பது கடினம்.

ஆயினும் கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கும் வரலாறு இடம் தரவில்லை. மதுவிலக்கு இருந்த ஆண்டுகளிலும் கள்ளச்சாராயம் இருந்தது. அரசுக் கடை இருக்கும் ஆண்டுகளிலும் அது ஒழியவில்லை. 2023 மே மாதத்தில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்துப் பெருங்கரணை, பேரம்பாக்கம் பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தோர் குடும்பங்களுக்கு அரசு தலா 10 இலட்சம் ரூபாய் அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதே நஞ்சால் இறந்தனர். இரு நிகழ்வுகளிலும் மாண்டவர்கள் பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள்.

எண்கள் சொல்வன

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் மது அருந்துகின்றனர். திருமணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். முந்தைய ஆய்வில் இது 100க்கு ஏறத்தாழ 41. குறைவு உண்டு, ஆனால் மிகச் சிறிது.

அதே ஆய்வின் இந்திய அளவிலான கணக்கு மேலும் கவனிக்கத்தக்கது. அடிக்கடி குடிபோதையில் இருக்கும் கணவரைக் கொண்ட பெண்களில் 100க்கு 70 பேர் வன்முறையை அனுபவித்துள்ளனர். குடிக்காத கணவரைக் கொண்டோரில் இது 23. இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, குடி வன்முறையைப் பன்மடங்கு பெருக்குகிறது. மற்றொன்று, குடி இல்லாத வீட்டிலும் அடி உண்டு. எனவே குடியை மட்டும் குற்றம் சாட்டி ஆணின் அதிகார மனப்பான்மையை விட்டுவிட முடியாது.

தாயைத் தந்தை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பெண்கள், தம் மணவாழ்விலும் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மிகுதி என்றும் இவ்வாய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவில் 1998இல் வெளியான ஃபெலிட்டி, ஆண்டா ஆகியோரின் ஆய்வு, சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைக் கண்டோர், அவ்வாறு காணாதோரைவிடப் பின்னாளில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு பல மடங்கு கூடுதல் எனக் கண்டது. அடி வாங்கும் வீட்டிலிருந்து அடுத்த தலைமுறைக் குடிகாரனும், அடி வாங்கும் மனைவியும் உருவாகின்றனர். இச்சங்கிலியை எங்கே அறுப்பது என்பதே கேள்வி.

உலகம் கண்ட சான்றுகள்

சங்கிலியைச் சிறுவயதிலேயே அறுக்க முடியும் என்பதற்கு நீண்ட கால ஆய்வுகள் சில உள்ளன.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வில் 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குப் பாலர் கல்வியும் வாரந்தோறும் ஆசிரியர் வீட்டுக்கு வந்து தாயுடன் பேசுதலும் அளிக்கப்பட்டன. நாற்பது வயதில் பார்த்தபோது, பாலர் பள்ளியில் பயின்றோரில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட முறை கைதானோர் 100க்கு 36, பயிலாதோரில் 55.

சிக்காகோ நகரில் 1967இல் தொடங்கிய குழந்தை–பெற்றோர் மையங்கள் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானவை. அங்கு ஒவ்வொரு மையத்திலும் பெற்றோருக்கென்று தனி அறை உண்டு. தாயோ தந்தையோ வாரத்தில் அரை நாளாவது மையத்துப் பணிகளில் பங்கெடுக்க வேண்டும். ரெனால்ட்ஸ் குழுவினர் 1,500க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தனர். மையத்தில் சேர்ந்த குழந்தைகளின் வீடுகளில், குழந்தை வதை தொடர்பாக நீதிமன்றம் வரை சென்ற வழக்குகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. இளைஞரானபோது போதைப் பழக்கமும் குறைவாகவே காணப்பட்டது.

தமிழ் வம்சாவளியினரும் வாழும் மொரீசியசுத் தீவில் 1972இல் மூன்று வயதுக் குழந்தைகள் 1,795 பேரிடம் ஓர் ஆய்வு தொடங்கியது. அவர்களுள் நூறு குழந்தைகளுக்கு மூன்று முதல் ஐந்து வயது வரை நல்ல உணவும் உடற்பயிற்சியும் கல்வியும் சேர்த்து அளிக்கப்பட்டன. 23 வயதில் அவர்களிடையே குற்றச் செயல்கள் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. தொடக்கத்தில் ஊட்டக்குறைவோடு இருந்த குழந்தைகளிடமே பலன் மிகுதியாகக் காணப்பட்டது என்பது நம் பகுதிக்கு முக்கியமான செய்தி.

இவற்றை அப்படியே செங்கல்பட்டுக்குப் பொருத்திவிடக் கூடாது. அவை பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், குறைந்த எண்ணிக்கையிலான குழந்தைகள், போதிய பணம் ஆகியவற்றோடு நடந்தவை. தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு இந்த இடைவெளியைத் தெளிவாக்குகிறது. கனிமியன், முரளிதரன், வால்டர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதி மையங்களுக்கு மட்டும் பாலர் கல்விக்கென அரை நாள் ஊழியர் ஒருவரைக் கூடுதலாக அளித்தனர். அம்மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது, எண்ணறிவும் மொழியறிவும் உயர்ந்தன, ஊட்டக்குறைவும் குறைந்தது. கூடுதலாகத் தேவைப்பட்டது ஓர் ஆள் மட்டுமே.

மையம் எவ்வாறு தடுக்கிறது

பால்வாடி வன்முறையை நேரடியாக நிறுத்துவதில்லை. அது செயல்படும் வழிகள் வேறு.

முதலாவது, தாயின் நேரம். பிள்ளையை நம்பி விட்டுச் செல்ல இடம் இருந்தால் தாய் முழு நாள் கூலிக்கோ மீன் விற்பனைக்கோ போகலாம். தன் கையில் காசு உள்ள பெண்ணுக்கு வீட்டில் சொல் உண்டு. மூத்த பெண் குழந்தையும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டு நிற்க வேண்டியதில்லை.

இரண்டாவது, குழந்தையின் மனம். முறை வரும்வரை காத்திருத்தல், கோபத்தைச் சொல்லால் வெளிப்படுத்துதல், பொருளைப் பகிர்தல் ஆகியவை மூன்று முதல் ஐந்து வயதில் விளையாட்டின் வழியே படிகின்றன. வீட்டில் கூச்சலை மட்டுமே கேட்ட குழந்தைக்கு, பெரியவர் ஒருவர் நாள்தோறும் ஒரே அமைதியோடு பேசுவதே புதிய பாடம். ஆண் குழந்தையும் தட்டு கழுவ, பெண் குழந்தையும் பந்து எறிய, அங்கே பழகுகின்றனர்.

மூன்றாவது, ஆசிரியையின் பார்வை. திடீரென்று பேச்சு நின்றுபோன குழந்தை, பிறரை அடிக்கும் குழந்தை, காயத்தோடு வரும் குழந்தை, திங்கட்கிழமை மட்டும் பசியோடு வரும் குழந்தை ஆகியோர் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை.

நான்காவது, தாய்மார் கூடும் இடம். குடும்பத்துத் துயரத்தைப் பேசக் காவல் நிலையத்துக்குப் போகத் தயங்கும் பெண், பிள்ளையைக் கூட்டிச் செல்ல வரும் பால்வாடி வாசலில் பேசுவாள். இவ்வகைக் கூடுதல் பெரிய இயக்கமாகவும் மாறலாம். ஆந்திரக் கடற்கரை மாவட்டமான நெல்லூரின் தூபகுண்டாவில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்புக்கு வந்த பெண்கள், பாட நூலில் இருந்த ஒரு கதையைப் படித்துவிட்டுத் தம் ஊர்ச் சாராயக் கடையை மூட எழுந்தனர். ரோசம்மா போன்றோர் முன்னின்ற அப்போராட்டம் மாநிலம் முழுவதும் பரவி, 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்யும் நிலையை உண்டாக்கியது. எழுத்துப் படிக்க வந்த இடமே அவர்களுக்கு மன்றமாயிற்று.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை மாமல்லபுரம் கடற்கரை ஊர்களையும் தாக்கியது. நாகப்பட்டினம் அளவுக்கு உயிரிழப்பு இல்லை எனினும் படகு, வலை, வீடு ஆகியவை அழிந்தன. நிவாரணமும் தொண்டு நிறுவனங்களும் வந்தன. கடற்கரையின் பல ஊர்களில் நிவாரணப் பணம் ஆண்களின் கையில் கொடுக்கப்பட்டதும், வேலையின்மையும் துயரமும் சேர்ந்து குடி பெருகியதும் அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டன. மறுபுறம், தற்காலிகக் குடியிருப்புகளில் குழந்தைகளுக்கென்று விளையாட்டு இடங்கள் முதலில் திறக்கப்பட்டன. அச்சத்தில் இருந்த குழந்தைகளை மீட்கப் பாட்டும் படம் வரைதலும் உதவின. பல மையங்கள் புதிய கட்டடம் பெற்றன. பேரிடரின்போது பாலர் பள்ளி மனநல மையமாகவும் பயன்படும் என்பதைத் தமிழகம் அப்போது கண்டது.

மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவான அமைப்பு. கடல் தகராறு முதல் கணவன் மனைவி சண்டை வரை அங்கு தீர்க்கப்படும். ஆனால் அதில் அமர்வோர் ஆண்கள். ஊர்க் கட்டுப்பாட்டின் வலிமை குடிக்கு எதிராகத் திரும்பினால் பயன் பெரிது. பெண்ணை வாயடக்கத் திரும்பினால் தீமையும் பெரிது. மகளிர் சுய உதவிக் குழுக்களும் பால்வாடித் தாய்மார் குழுக்களும் பஞ்சாயத்தில் இல்லாத பெண் குரலுக்கு ஓரளவு இடம் தந்தன.

எல்லைகளும் குறைகளும்

தமிழ்நாட்டில் 54,439 குழந்தைகள் மையங்கள் உள்ளன. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 மையங்களில் மழலையர் வகுப்புகளும் தொடங்கப்பட்டன. எண்ணிக்கையில் குறைவில்லை, குறை வேறிடத்தில் உள்ளது.

ஊழியரின் பணிச்சுமை முதற்குறை. எடை போடுதல், சத்துமாவு வழங்கல், கர்ப்பிணிகள் பதிவு, கைப்பேசிச் செயலியில் ஏற்றுதல், கணக்கெடுப்பு ஆகியவற்றுக்கு இடையே கற்பித்தலும் வீடு சென்று பேசுதலும் சுருங்குகின்றன. இரண்டாவது, அவரும் அதே ஊர்ப் பெண். அடிப்பவன் அவருக்கு உறவினனாகவோ பக்கத்து வீட்டுக்காரனாகவோ இருக்கலாம். எப்போதேனும் அவர் வீட்டிலேயே அதே துயரம் இருக்கலாம். மூன்றாவது, மையம் திறக்கும் நேரம் விடியலில் கரைக்குப் போகும் மீனவப் பெண்ணின் வேலை நேரத்தோடு பொருந்துவதில்லை. நான்காவது, வீடுகள் குறைந்த இருளர் குடியிருப்புகளுக்கும் இடம் மாறும் சூளைத் தொழிலாளர்களுக்கும் மையம் எட்டுவதில்லை. ஒவ்வொரு குடியிருப்பிலும் அங்கன்வாடி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001லும் 2006லும் ஆணையிட்டது. ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகள் உள்ள குடியிருப்பு, மையத்தைக் கேட்டுப் பெறலாம். நாற்பது குழந்தைகள் இல்லாத சிற்றூரே இங்கு மிகுதி.

சட்டம் ஊழியருக்குத் துணை நிற்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 4ஆம் பிரிவின்படி வன்முறை நடந்தது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பும் எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தில் தெரிவித்தவர்மீது எந்தப் பொறுப்பும் சாராது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்கள் உள்ளன. இவை மையச் சுவரில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. அழைத்தால் என்ன நடக்கும் என்பதை ஊழியர் தாய்மார்க்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

குடிநோய்க்குச் சிகிச்சை தேவை என்பதும் மறக்கத்தக்கதன்று. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, 1989இல் மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் அமைத்துக் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை தந்தது. நோயாளியின் ஊரே அவருக்குத் துணையாக நின்றது. கோவாவில் நடந்த ஆய்வுகள், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் சில அமர்வுகளில் பேசியே குடியைக் குறைக்க உதவ முடியும் எனக் காட்டின. பால்வாடி ஆசிரியையே ஆலோசகராக வேண்டியதில்லை; யாரிடம் அனுப்புவது என்று அறிந்தவராக இருந்தால் போதும். அனுப்ப ஓர் இடமும் அருகில் இருக்க வேண்டும்.

வரலாறு காட்டும் வழி

1950களின் பால்வாடியில் தாய் இருந்தாள். உணவும் பணமும் இல்லை. 1982க்குப் பிந்தைய பால்வாடியில் உணவும் ஊதியமும் உண்டு; தாய் வாசலோடு நின்றுவிட்டாள். சிக்காகோ மையங்களின் அனுபவம் இவ்விரண்டையும் சேர்க்கச் சொல்கிறது. அதற்குப் புதிய கட்டடங்கள் தேவையில்லை. ஒவ்வொரு மையத்திலும் கற்பிக்க இன்னோர் ஆள், மாதம் ஒருமுறையேனும் தாயும் தந்தையும் வந்து அமரும் கூட்டம், மீனவர் ஊரில் விடியலில் திறக்கும் கதவு, சூளையிலும் இருளர் குடியிருப்பிலும் சிறு மையம், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் குடிநோய்ப் பிரிவு ஆகியவை போதும்.

தந்தையையும் அழைக்க வேண்டும் என்பது இதில் முக்கியம். எடை நாள், தடுப்பூசி நாள், கூட்டம் என எல்லாவற்றுக்கும் தாயையே அழைத்துவந்த பழக்கம், குழந்தை வளர்ப்பு ஆணின் வேலை அன்று என்ற எண்ணத்தை நாமே உறுதி செய்தது போலாகும். தடைக்கால 61 நாட்களில் மீனவத் தந்தையர் ஊரில்தான் இருக்கின்றனர். அந்நாட்களில் மையத்துக்கு வேலி கட்டவும், குழந்தைகளுக்குக் கடல் கதை சொல்லவும், வலை முடிச்சு காட்டவும் அவர்களை அழைக்கலாம். செலவில்லாத தொடக்கம் அது.

மது வருவாயால் நலத்திட்டங்களை நடத்தும் மாநிலத்தில் இம்மையங்கள் தனியே நின்று வெல்ல முடியாது. கடைகளின் எண்ணிக்கை, அவை அமையும் இடம், கள்ளச்சாராயத்தின்மீது கண்காணிப்பு ஆகியவை அரசின் பொறுப்பு. ஆனால் பெருங்கரணைத் துயரத்துக்குப் பின் ஒவ்வோர் உயிருக்கும் 10 இலட்சம் ரூபாய் அறிவிக்க முடிந்த அரசுக்கு, ஒரு மையத்துக்கு அரை நாள் ஊழியர் ஒருவரை நியமிப்பது இயலாத செலவன்று. இறந்த பின் கொடுக்கும் பணத்தைவிட, மூன்று வயதில் கொடுக்கும் கவனிப்பு மலிவானது. அதன் பயன் இரண்டு தலைமுறைக்கு நிற்பது.